மூக்கொழுகலுக்கு மாத்திரையா? வேலைக்குப் போகுமுன் கேளுங்கள்!

விடியற்காலையில் அடுக்கடுக்காய்த் தும்மல். மூக்கில் தண்ணீராய்க் கொட்டுகிறது. அல்லது செம்பனைக் காட்டில் கம்பளிப்பூச்சி பட்டுக் கையெல்லாம் தடிப்பும் அரிப்பும். உடனே நாம் என்ன செய்கிறோம்? "ஐயா, அந்த மஞ்ச மாத்திரை ரெண்டு குடுங்க" என்று டிரெஸரிடம் போய் நிற்கிறோம். இல்லாவிட்டால் போன மாதம் மிஞ்சியதைத் தேடி எடுத்து விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம்.

அரிப்பு அடங்கும், அது உண்மைதான். ஆனால் கையில் பால் வெட்டும் கத்தி இருக்கும்போதோ, நீண்ட கம்பில் அரிவாளை மாட்டிக் குலை அறுக்கும்போதோ, டிராக்டர் ஓட்டும்போதோ கண் சொக்கினால் என்ன ஆகும்?

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று பட்டால், ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பில் வெளிப்படுகிறது. தும்மலுக்கும் அரிப்புக்கும் அதுவே முக்கியக் காரணம். இந்த மாத்திரைகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. ஆனால் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. 1940களில் வரத் தொடங்கிய பழைய வகை மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்துவிடும். அதனால்தான் தூக்கம். பிரிட்டோன் என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் எல்லாம் இந்த வகையே.

லோரடடின், செட்டிரிசின், பெக்ஸோபெனடின் ஆகியவை புதிய வகை. இவை மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அரிப்பு, தடிப்பு, ஒவ்வாமைத் தும்மலுக்குப் பழையதைப் போலவே கேட்கும். ஆனாலும் செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். முதல் தடவை வேலையில்லாத நாளில் போட்டுப் பாருங்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலை எந்த வகையும் குணமாக்காது.

"எனக்கெல்லாம் தூக்கம் வராதுங்க" என்பார் சிலர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அயோவாவில் 40 பேரை வண்டி ஓட்டும் பயிற்சிக் கருவியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டைபென்ஹைட்ரமின் சாப்பிட்டபோது, மது குடித்துவிட்டு ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். பெக்ஸோபெனடின் சாப்பிட்டபோது அந்தக் கோளாறு இல்லை. முக்கியமான செய்தி இதுதான்: தூக்கம் வருகிறதா இல்லையா என்று அவர்களே சொன்னதை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. ஆகவே நம் உணர்வை நம்பி ஏமாறக்கூடாது. இரவில் போட்ட பழைய மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் நிற்கலாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பழைய மாத்திரை போட்ட அன்று கள்ளோ, சம்சுவோ, பீரோ வேண்டவே வேண்டாம். வயதானவர்களுக்கு அது வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தலைக் கிறுகிறுப்பு தரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. "புள்ள நல்லாத் தூங்கட்டும்" என்று எந்தக் குழந்தைக்கும் இந்த மருந்துகளை ஊற்றாதீர்கள். இருமல் மருந்துகள், சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் அளவு கூடிவிடும்.

குளவி கொட்டி நாக்கும் முகமும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

டிரெஸரிடமோ, கிளினிக்கிலோ, மருந்துக் கடையிலோ மாத்திரை வாங்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: "ஐயா, நான் கத்தி பிடிச்சி வேல செய்யிற ஆளு. இது தூக்கம் வர்ற மாத்திரையா? தூக்கம் வராததா இருந்தா குடுங்க." என்ன வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு கேள்வி உங்கள் கையையும் காலையும் காப்பாற்றும்; உங்களோடு காட்டில் நிற்கிறவரின் உயிரையும் காப்பாற்றும்.