களத்தின் ஓரத்தில் நிற்பவர்

ஒலிம்பிக் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. வென்ற அணியின் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பதக்கம் அணிவிக்கப்படும். பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது. ஸ்வீடன் நாட்டு ஹேண்ட்பால் வீரர் ஸ்டாஃபன் ஓல்சன் இவ்வழக்கத்தின் இரு பக்கங்களையும் அறிந்தவர். 1992, 1996, 2000 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் ஆட்டக்காரராக மூன்று வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றார். 2012இல் லண்டனில் ஸ்வீடன் அணி மீண்டும் வெள்ளி வென்றபோது அவர் அதன் பயிற்சியாளர். இம்முறை அவர் கழுத்தில் ஏதும் அணிவிக்கப்படவில்லை.

பக்கவாதம், தலைக்காயம், எலும்பு முறிவு போன்றவற்றிலிருந்து மீள்வோருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களாகிய நாங்கள், நோயாளியின் கட்டிலருகே வாரக்கணக்கில் அமர்ந்திருக்கும் உறவினர்களை நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் செய்யும் பணி பயிற்சியாளரின் பணிக்கு மிக நெருக்கமானது. ஆகவே ஓல்சனின் வாழ்க்கையை இவ்விதழில் அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

ஆட்டமும் ஆட்டக்காரரும்

நம்மிடையே கைப்பந்து என்றால் பெரும்பாலும் வாலிபாலையே குறிக்கும். ஹேண்ட்பால் வேறு ஆட்டம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட உள்ளரங்கக் களத்தில், கோல்காப்பாளர் உட்பட ஓர் அணிக்கு ஏழு பேர் வீதம் ஆடுவர். பந்தைக் கையால் எறிந்து கோல் அடிக்க வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நகரவோ, மூன்று வினாடிக்கு மேல் நிற்கவோ கூடாது. அரை மணி நேரம் வீதம் இரு பகுதிகளாக நடைபெறும் இவ்வாட்டத்தில் மோதலும் வீழ்ச்சியும் இயல்பானவை. முழங்காலும் தோளும் பெரிதும் பாதிக்கப்படும் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

1964இல் பிறந்த ஓல்சன் இடக்கை வீரர்; தற்காப்பு வரிசைக்கு மேலாகத் தொலைவிலிருந்து பந்தை எறிவதில் வல்லவர். பெங்ட் யோஹான்சன் 1988 முதல் 2004 வரை பயிற்றுவித்த புகழ்பெற்ற ஸ்வீடன் அணியின் தூண்களுள் ஒருவர். யோஹான்சன் தம் ஆட்டக்காரர்களை நம்பிப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைப்பவர் என்று பெயர் பெற்றவர். அவ்வணி 1990, 1999 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டத்தையும், 1994, 1998, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றது. ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1996இல் குரோவேஷியாவிடம் 27–26 என்று ஒரே கோலில் தோற்றனர். ஓல்சன் ஜெர்மனியின் கீல் நகர அணிக்காக 1996 முதல் 2003 வரை ஆடினார். பின்னர், ஏறத்தாழ நாற்பதாம் வயதில், தாயகம் திரும்பி ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி கழகத்தில் இணைந்தார். அங்கேதான் ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறினார். அக்கழகம் 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஸ்வீடன் நாட்டுப் பட்டத்தை வென்றது.

கையைக் கட்டிக்கொள்ளும் கலை

தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராகும்போது எதிர்கொள்ளும் கடினமான மாற்றம் ஒன்று உண்டு. எப்படி எறிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எறிய வேண்டியவர் அவர் அல்லர். ஆட்டம் கைநழுவும்போது பயிற்சியாளர் செய்யக்கூடியது, நேரக் கண்காணிப்பாளரின் மேசையில் ஒரு பச்சை அட்டையை வைத்து ஒரு நிமிட இடைவேளை கேட்பதும், அந்த ஒரு நிமிடத்தில் சில சொற்கள் கூறுவதும், ஆட்டக்காரரை மாற்றுவதும்தான். கோட்டைத் தாண்டி உள்ளே சென்று பந்தைப் பிடிக்க அவருக்கு உரிமையில்லை.

பராமரிப்பாளருக்கும் இக்கோடு உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த தந்தைக்கு மகள் சோறூட்டுகிறாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள், தண்ணீர்க் குவளையை உதட்டருகே பிடிக்கிறாள். எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. முதல் சில நாட்களில் அவை தேவையானவையும்கூட. ஆயினும் சிறிது அசையத் தொடங்கிய கைக்கு வேலையே கொடுக்காவிட்டால், மூளை அக்கையைப் பயன்படுத்தாமலிருக்கப் பழகிவிடுகிறது. மூளையின் பாதிப்படையாத பகுதிகள் இழந்த வேலையை மீண்டும் கற்பது, ஒரே செயலைப் பலமுறை முயல்வதால்தான். இதனாலேயே தகுதியுள்ள சில நோயாளிகளுக்கு நலமான கையில் உறையை மாட்டி, தளர்ந்த கையாலேயே வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை முறை ஒன்று உள்ளது.

எனவே பொத்தானைப் போட ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். முழுச் சட்டைக்கும் இயலாதெனில் கடைசி இரு பொத்தான்களை மட்டும் அவரிடம் விடுங்கள். குறிப்பு ஒன்று சொன்னால் போதும். ஒரே நேரத்தில் பல குறிப்புகள் குழப்பும். இதற்கு எல்லையும் உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவரைத் தனியே உண்ண விடலாகாது. விழும் அபாயம் உள்ளவரைத் துணையின்றி நடக்க விடலாகாது. எதை அவரே செய்யலாம், எதில் கைகொடுக்க வேண்டும் என்பதை இயன்முறை சிகிச்சையாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இருவர் பகிர்ந்த பொறுப்பு

ஸ்வீடன் அணி 2004, 2008 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் தகுதி பெறவில்லை. அந்நிலையில் 2008இல் தேசிய அணியின் பொறுப்பு ஒருவரிடம் அன்றி இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓல்சனுடன் பொறுப்பேற்றவர் ஓலா லிண்ட்கிரென். அவரும் 1964இல் பிறந்தவர். அதே மூன்று ஒலிம்பிக் வெள்ளிகளையும் வென்ற பழைய தோழர். தற்காப்பில் பெயர் பெற்றவர். ஒருவர் தலைவர், மற்றவர் துணைவர் என்றில்லாமல் இருவரும் இணைப் பயிற்சியாளர்களாக எட்டு ஆண்டுகள் பணியாற்றினர்.

குடும்பங்களில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கிறது. மனைவியோ மூத்த மகளோ ஒருவரே முழுச் சுமையையும் ஏற்கிறார்; மற்றவர்கள் ‘உதவி’ செய்கிறார்கள். சில வாரங்களில் அவர் உறக்கம் இழக்கிறார், முதுகு வலிக்கிறது, தம் மாத்திரைகளையே மறக்கிறார். வீடு திரும்புமுன் இரண்டாம் பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையை இருவருமே வார்டில் கற்றுக்கொள்ளுங்கள். மருந்து, உணவு, பயிற்சி ஆகியவற்றை ஒரே நோட்டில் இருவரும் குறித்து வந்தால், ஒருவர் ஓய்வெடுக்கும் நாளிலும் பயிற்சி தடைபடாது.

ஏறி இறங்கும் பாதை

ஓல்சனும் லிண்ட்கிரெனும் பொறுப்பேற்ற பின்னும் வெற்றி படிப்படியாக வரவில்லை. 2010 ஐரோப்பியப் போட்டியில் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2011இல் தாயகத்தில் நடந்த உலகப் போட்டியில் நான்காம் இடம் பெற்றது. 2012 ஜனவரியில் ஐரோப்பியப் போட்டியில் 12ஆம் இடத்துக்குச் சரிந்தது. அவ்வாண்டு ஜூனில் மாண்டினிக்ரோவிடம் தோற்று, அடுத்த உலகப் போட்டிக்கான தகுதியையும் இழந்தது. அதன்பின் இரண்டே மாதங்களில், லண்டனில் டென்மார்க்கையும் ஹங்கேரியையும் வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. அங்கே பிரான்சிடம் 22–21 என்று ஒரு கோலில் தோற்றது.

ஜூன் மாதத்தில் அவ்வணியை மதிப்பிட்டிருந்தால் எவரும் ஆகஸ்டை எதிர்பார்த்திருக்க மாட்டார். உடல் மீள்வதும் இத்தகையதே. சென்ற வாரம் பத்தடி நடந்தவர் இவ்வாரம் எழவே மறுக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை காரணமாக இருக்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. காரணத்தை எங்களிடம் கேளுங்கள். ‘இனி அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் திடீரென வாய் கோணுதல், புதிதாகக் கை கால் தளர்தல், பேச்சுக் குளறல் ஆகியவை தோன்றினால் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்வீடன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அத்துடன் இருவரும் பொறுப்பிலிருந்து விலகினர். ஓல்சன் பயிற்சியாளர் பணியைத் தொடர்ந்தார். 2022இல் நெதர்லாந்து ஆடவர் அணியின் பொறுப்பை ஏற்றார். எறியும் கை ஓய்ந்து பல ஆண்டுகளான பின்பும் அது கற்றறிந்தவை பிறருக்குப் பயன்படுகின்றன. தம் பழைய வேலைக்குத் திரும்ப இயலாதோ என்று அஞ்சும் நோயாளிகளும் இதை எண்ணிப் பார்க்கலாம். தையல் எந்திரத்தை மிதிக்க இயலாத கால்களை உடையவருக்கும் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்பது தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும்.

நோயாளி தாமே சட்டை அணிந்து வீட்டு வாசலுக்கு வரும் நாளில் எல்லோரும் அவரையே பாராட்டுவர். அதுவே முறை. உடன் நின்றவருக்குப் பதக்கம் இல்லை. ஆனால் அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்க நாம் ஒவ்வொருவரும் கடமைப்பட்டுள்ளோம். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது நோயாளியின் நிலையுடன் உங்கள் நிலையையும் எங்களிடம் கூறுங்கள். அதைக் கேட்பதும் எங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.