புற்றுநோயைக் காட்டும் படங்கள்

மும்பை நகரின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை இருப்பதை நேயர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். இரத்தப் புற்றுநோயால் 1931-ஆம் ஆண்டில் காலமான மெஹர்பாய் டாட்டா அம்மையாரின் நினைவாக எழுந்த அந்நிலையம், 1941 பிப்ரவரி 28-ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1962-இல் அது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் வந்தது. மருத்துவமனைக்கும் அணுசக்திக்கும் என்ன உறவு என்று நாம் வியக்கலாம். புற்றுநோயைப் படம் பிடிக்கும் முறைகளை அறிந்தால் அவ்வுறவு விளங்கும்.

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கிறதா? இம்மூன்றையும் மருத்துவர் முதலில் அறிய வேண்டும். மூன்றாவது கேள்வியே மிகவும் முக்கியமானது. ஓரிடத்தில் நிற்கும் கட்டியைப் பல சமயங்களில் அறுத்து எடுத்துவிடலாம். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டதெனில், பெரும்பாலும் உடல் முழுவதற்கும் மருந்து செலுத்த வேண்டியிருக்கும்.

ரான்ட்ஜன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ்-கதிர்கள் நமக்குத் தருவது நிழற்படமே. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். சி.டி. ஸ்கேன் அதே கதிர்களை உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கியது போன்ற படங்களைக் கணிப்பொறியால் அமைத்துத் தருகிறது. இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979-இல் நோபெல் பரிசு பெற்றனர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்-கதிர் இல்லை; வலிமை மிக்க காந்தமும் ரேடியோ அலைகளுமே வேலை செய்கின்றன. உள்ளே கேட்கும் பெருஞ்சத்தத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், இதயத்தில் பேஸ்மேக்கர் கருவியோ உடலில் உலோகத் துண்டோ இருந்தால் முன்னரே சொல்லிவிடுவது மிக அவசியம்.

இவை பெரும்பாலும் உறுப்பின் உருவத்தையே காட்டுபவை. உயிரணுக்களின் செயலைக் காட்டுவது பெட் ஸ்கேன். புற்றுநோய் அணுக்களுள் பெரும்பாலானவை குளுக்கோஸைப் பேராவலுடன் விழுங்குகின்றன. குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளுடன் கதிரியக்கமுள்ள ஃப்ளோரின்-18 அணுவை இணைத்து நரம்பில் செலுத்தினால், அது அவ்வணுக்களுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். ஃப்ளோரின் வெளியிடும் பாசிட்ரான் துகள் அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாய்கின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த கருவிகள் அவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணிக்கின்றன.

இம்மருந்தைச் சேமித்து வைக்க இயலாது. ஏறத்தாழ 110 நிமிடங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். மேலும் 110 நிமிடங்களில் காற்பங்காகிவிடும். சைக்ளோட்ரான் என்னும் பொறியில் அதனை ஆக்கி, தூய்மை செய்து, சோதித்து, விரைந்து நோயாளியிடம் சேர்க்க வேண்டும். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனரும் 2002-இல் அமைந்தது பரேலில்தான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ நிலையத்தில் அவை நிறுவப்பெற்றன. குறித்த நேரத்திற்கு வராத நோயாளிக்காக மருந்து காத்திராது என்பதை இதிலிருந்து உணரலாம்.

சோதனைக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வார்கள், தண்ணீர் அருந்தலாம். நீரிழிவு உள்ளவர் அதனை மறைத்தல் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் படம் மங்கிவிடும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் இருக்கச் சொல்வதும் வெறும் கண்டிப்பன்று. பேசினால் நாவின் தசைகளும் குரல்வளைத் தசைகளும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு படத்தில் ஒளிரும். சோதனை முடிந்த பின் சில மணி நேரம் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நெருங்காமல் இருப்பது நலம். சர்க்கரை உண்டால் புற்றுநோய் வளரும் என்று இச்சோதனையைக் கொண்டு சிலர் முடிவு கட்டுகின்றனர். அது பொருந்தாது, மூளைக்கும் இதயத்திற்கும் குளுக்கோஸ் வேண்டும், படத்தில் அவையும் ஒளிரக்கூடும்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அன்று என்பதை நம் நாட்டில் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுக்களும் பெட் படத்தில் அவ்வாறே ஒளிர்கின்றன. ஆகவேதான், ஊசியால் சிறிது தசையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே மருத்துவர் தீர்ப்புக் கூறுகிறார். ஸ்கேன் அறிக்கையைத் தாமே படித்து, இரவெல்லாம் கலங்கும் குடும்பங்கள் இதனை அறிந்தால் எவ்வளவோ துயரம் குறையும்.

அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பரேலுக்கு வருவோர் உண்டு. அங்கே புதிதாகப் படம் எடுக்கப் போகிறார்களே என்று எண்ணி, ஊரில் எடுத்த பழைய படங்களை வீட்டிலேயே விட்டு வருவது சரியன்று. ஆறு மாதத்திற்கு முன் கட்டி எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட மருத்துவருக்கு அந்தப் பழைய படமே தேவை. படம், குறுந்தட்டு, அறிக்கை ஆகிய மூன்றையும் தேதிவாரியாக ஒரே உறையிலிட்டுக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.