நனைந்த உறுதி

1996ஆம் ஆண்டு. வத்தளையில், ஹெந்தளைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் ஒரே அறையில் ஆறு பேராகக் குடியிருந்தது ஒரு குடும்பம். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். 1990இல் வீட்டை விட்டவர்கள், 1995 ஒக்டோபரில் மறுபடியும் எழும்பி, கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் தங்கி, கொழும்புக்கு வந்திருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவுத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் அடியில் 12 பரப்புக் காணியின் உறுதி. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியதில் அது நனைந்து, மை பரவியிருந்தது.

“ஐயா, இது இனிச் செல்லுமோ?” என்று கேட்டார்.

செல்லும் என்றேன். நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உங்கள் கையிலுள்ளது கிழிந்தாலும் அங்கிருந்து பிரதி எடுக்கலாம். அவருக்கு முகம் தெளிந்தது. ஆனால் அவர் கேட்க வந்தது அதுவல்ல.

“முந்தி மாதிரி செபம் வருகுதில்லை ஐயா. பாட்டும் வாயில வருகுதில்லை. ஆண்டவர் என்னைத் தன்ரை கணக்கில இருந்து வெட்டிப்போட்டாரோ எண்டு பயமாக் கிடக்கு.”

விசுவாசத்தில் உறுதியாயிருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பசித்தவருக்குச் சமையற்குறிப்புக் கொடுத்த மாதிரியான பதில். பஸ்சில் திரும்பி வரும்போதே வெட்கமாக இருந்தது. காணி உறுதியைப்பற்றிக் கேட்டபோது ‘உங்கள் கையிலுள்ள கடுதாசியில் அது தங்கியிருக்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இரட்சிப்பைப்பற்றிக் கேட்டபோது அதையே சொல்லத் தெரியவில்லை.

மெதடிஸ்த சபையை நம்மில் பலர் அறிவோம். 1814இல் இலங்கைக்கு வந்த அதன் மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். அந்தச் சபைக்கு வித்திட்ட ஜோன் வெஸ்லிக்கும் இதே பயம் இருந்தது. 1736 ஜனவரி 25ஆம் திகதி, அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் பெரும் புயல். பாய் கிழிந்தது, தளத்துக்குள் கடல் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். குருவானவராகிய வெஸ்லியும் சாவுக்கு நடுங்கினார். அதே கப்பலில் மொராவியச் சபையார் சிலர் தாம் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். அந்தச் சபையே இடம்பெயர்ந்தவர்களால் உண்டானது. விசுவாசத்தின் நிமித்தம் மொராவியாவில் வீடு வாசலை விட்டு, 1722 முதல் சாக்சனியில் ஒரு பிரபுவின் நிலத்தில் குடியேறிய எளியவர்கள். உங்களுக்குப் பயமில்லையா, பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாவது பயமில்லையா என்று வெஸ்லி பின்பு விசாரித்தார். இல்லை என்றார்கள். படித்த குருவானவருக்கு இல்லாத நிச்சயம் ஊரிழந்த சனங்களிடம் இருந்தது! இரண்டு வருடம் கழித்து, 1738 மே 24இல், இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில்தான் தம் பாவமும் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது.

நிச்சயம் பற்றிச் சபைகள் ஒரே மாதிரிப் போதிப்பதில்லை. கல்வின் வழிவந்தோர், தேவன் தெரிந்துகொண்டவர் முடிவில் தவறிப்போகார் என்பர். விசுவாசத்தை விட்டு விலகவும் கூடும் என்றார் வெஸ்லி. கத்தோலிக்கத் திருச்சபை, நிச்சயம் என்று சொல்லாமல் உறுதியான நம்பிக்கை என்று சொல்லும். ஆனால் வாக்குக் கொடுத்தவர் மாறாதவர் என்பதில் இவர்களுக்குள் வழக்கில்லை. மல்கியா 3:6உம் எபிரேயர் 13:8உம் எல்லாருடைய வேதாகமத்திலும் உண்டு.

கமக்காரருக்கு இதை விளக்க எரேமியா 32ஆம் அதிகாரம் போதும். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எரேமியா காவலில். அந்த நேரத்தில் ஆனதோத்திலுள்ள வயலை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் சொல்கிறார். நம்முடைய நொத்தாரிசு வேலைதான்! உறுதி முடித்த பிறகே அவருக்குக் கலக்கம் வருகிறது. நகரம் எதிரியிடம் போகிறதே, காணி வாங்கச் சொன்னீரே என்று செபத்தில் கேட்கிறார். அந்தக் கலக்கத்தால் உறுதி இரத்தாகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரேமியா அந்த வயலில் விதைத்ததாக வேதத்தில் இல்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். கடவுள் மாறாதவர் என்பதற்கு, நம் காணி நாளைக்கே திரும்பும் என்று பொருளில்லை. அப்படிப் பிரசங்கிப்பவரை நம்பவேண்டாம்.

இரட்சிப்பு இவ்வளவு நிச்சயமென்றால் எப்படியும் வாழலாமே என்று இளைஞர் கேட்பதுண்டு. ஒரு போகக் குத்தகைக்காரர் வேலி அடைப்பாரா, தென்னம்பிள்ளை வைப்பாரா? காணி தன்னுடையதென்று அறிந்தவர்தான் வைப்பார்.

இவற்றையெல்லாம் அடுத்த கிழமை அந்த அறையில் பாயில் இருந்து சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உறுதியை எடுத்து, யன்னலடி வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துவிட்டுத் திரும்ப மடித்தார்.

ஞாயிறு ஆராதனையிலும் அவர் பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மகள் பாடுவதைக் கேட்டபடி கடைசிச் சரணம்வரை நின்றார்.