கழிவு எது? வரவு எது? கடன் எது?
கல்லூரிக் கட்டணச் சீட்டைப் படிப்பது எப்படி?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். கோப்பையும் பொம்மையும் சூளையில் வெந்து வெளியூர்களுக்குப் போகின்றன.

பிளஸ்-2 முடிவு வந்துவிட்டால், சூளைத் தொழிலாளி வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "பிள்ளையை எங்கே சேர்ப்பது? பணத்துக்கு என்ன வழி?"

உள்ளூரிலேயே கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே செலவு குறைவு. ஆனால் என்ஜினீயரிங் என்றால் தனியார் கல்லூரிக்கும் போக வேண்டி வரும். "அரசுச் சலுகை உண்டு, உதவித்தொகை உண்டு, கடனும் உண்டு" என்பார்கள். கேட்பவர்களுக்கு எல்லாம் இலவசம் போலத் தோன்றும்.

ஆனால் மூன்றும் ஒன்றல்ல!

கழிவு

முதலாவது, கட்டணத்தில் கழிவது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் "முதல் பட்டதாரி" சலுகை உண்டு. இது 2010-ல் வந்தது. அரசு கவுன்சிலிங் மூலம் தனியார் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தால், படிப்புக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். தாலுகா அலுவலகச் சான்று தேவை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் என்ஜினீயரிங்குக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வரவு

இரண்டாவது, கைக்கு வருவது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. மாணவர்களுக்கான "தமிழ்ப் புதல்வன்" 2024 ஆகஸ்டு 9-ந் தேதி தொடங்கியது.

இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் மாதாமாதம்தான் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரியில் சேரும் நாளில் இந்தப் பணம் கையில் இருக்காது!

கடன்

மூன்றாவது, வங்கிக் கல்விக் கடன். இது உதவிதான், ஆனால் தானம் அல்ல. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும்.

ஒரு கணக்கு

தொழிலாளி ஒருவரின் மகளுக்குக் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அல்ல, பொது ஒதுக்கீட்டில். படிப்புக் கட்டணம் 50,000. பஸ்சுக்கு 25,000. மற்றவை 15,000. ஆக மொத்தம் 90,000 ரூபாய்.

முதல் பட்டதாரிச் சலுகை 25,000 போனால் மீதி 65,000. பஸ் கட்டணத்தில் ஒரு பைசாவும் குறையாது. புதுமைப் பெண் பணம் ஆண்டுக்கு 12,000. அதையும் கழித்தால், குடும்பம் தேட வேண்டியது 53,000 ரூபாய்.

இதற்காக ஆண்டுக்கு 50,000 வீதம் 4 ஆண்டு கடன் வாங்கினால் அசல் 2 லட்சம். 10 சதவீதத் தனிவட்டி என்றால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 70,000. திருப்ப வேண்டியது 2 லட்சத்து 70 ஆயிரம்!

இதைக் கண்டு படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. தெரிந்து வாங்கினால் கடனும் நல்லதே. தெரியாமல் வாங்கினால்தான் பாதியில் படிப்பு நிற்கும்.

என்ன கேட்க வேண்டும்?

கல்லூரி அலுவலகத்தில் நான்கு கேள்விகள் போதும். மொத்தக் கட்டணம் எவ்வளவு? அதில் சலுகை எதற்கு மட்டும்? அது எல்லா ஆண்டும் உண்டா? இன்று கட்ட வேண்டியது எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

பச்சை மண்ணை எத்தனை முறையும் பிசைந்து திருத்தலாம். சூளையில் வெந்த பிறகு திருத்த முடியாது. இது விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையெழுத்தும் அப்படித்தான்!