கொச்சி யூதர் தெருவும் நம் திருச்சபையும்

இந்திய யூதரைப் பற்றி நம் இறையியல் கல்லூரிகளில் எழும் பேச்சு பெரும்பாலும் 1 இராஜாக்கள் 10:22இல் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கும் நம் 'தோகை'க்கும் உறவுண்டு என்னும் கருத்தைக் கால்டுவெல் ஐயர் எடுத்துரைத்தார். மாணவரும் அதனை மகிழ்வுடன் குறித்துக்கொள்கின்றனர். சொல்லாராய்ச்சி இன்பம் தருவதே. ஆயினும், இம்மண்ணில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, தொழுது, தமக்குள் பிளவுண்டு, பின் பெரும்பாலும் பெயர்ந்துபோன ஒரு மக்களின் வரலாறு மயிற்பீலிக்குள் அடங்குவதன்று. அதனை அறியக் கொச்சி மட்டாஞ்சேரிக்குச் சென்று, வழி தெரிந்தவர் ஒருவருடன் நடந்து காணவேண்டும். வேங்கிக்காலில் பௌர்ணமிதோறும் 14 கி.மீ. மலைவலம் வருவோரைக் கண்டு வாழும் நமக்கு அந்நடை மிகவும் குறுகியது. ஆனால் விரைந்து நடந்தால் ஒன்றும் விளங்காது.

மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து தொடங்குவதே முறை. அரண்மனை, அதனையடுத்துப் பழையன்னூர் பகவதி கோயில், அதனை ஒட்டினாற்போல் பரதேசி ஜெபாலயம் என மூன்றும் நெருங்கி நிற்கின்றன. கொடுங்கல்லூரை விட்டு அகன்றுவந்த யூதருக்குக் கொச்சி மன்னர் 1567இல் தம் அரண்மனைக்கு அருகிலேயே நிலம் அளித்தார். மறு ஆண்டே, 1568இல், ஜெபாலயம் எழுந்தது. தெருவின் கோடியில் நிற்கும் மணிக்கூண்டு 1760இல் வணிகர் எசேக்கியேல் ரஹபி எழுப்பியது. தரையில் பதித்துள்ள நீலவண்ணச் சீன ஓடுகள் 1762ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வழிகாட்டிகள் இவ்வோடுகளைப் பற்றியே நெடுநேரம் பேசுவர். நாம் அங்கே நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை.

காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லவேண்டும். முட்செடியின் அருகே மோசே கேட்ட கட்டளை நம் நினைவுக்கு வரும். அண்டைக் கோயிலின் வழக்கமும் உடன் நினைவுக்கு வரும். நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடை ஒன்று உண்டு. மேல்மாடியில், பெண்கள் அமரும் பகுதியை அடுத்து, இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. கேரளத்து ஜெபாலயங்களுக்கே உரிய அமைப்பு இது.

இவ்வாலயத்தின் தலைசிறந்த செல்வம் செப்பேடுகளே. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என அதில் வரும் சொற்கள் தமிழருக்கு அகராதி வேண்டாதவை. நடக்கும் வழியில் விரிக்கும் துணியே அங்குப் 'பாவாடை' எனப்படுகிறது. அந்நியர் ஒருவருக்கு இந்நாட்டு மன்னர் வழங்கிய சிறப்புகள் இந்நாட்டு மொழியிலேயே, இந்நாட்டு மரபிலேயே அமைந்தன.

இதனினும் பழமையான சான்று ஒன்று நம் திருச்சபைக்கே உரியது. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் அளித்த செப்பேடுகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. சில அரபு எழுத்தில், சில பகலவியில், சில எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட பாரசீக மொழியில். அதாவது, கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் உரிமைக்கு யூதர் சாட்சியாக நின்று கையொப்பமிட்டனர். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1662இல், யூதர் டச்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்று சினந்து பரதேசி ஜெபாலயத்தை அழித்தவர்கள் சிலுவையைக் கொடியில் தாங்கிய போர்த்துக்கீசியர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே, 1664இல், அது மீண்டும் கட்டப்பட்டது. சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு ஆண்டுகளையும் ஒரே வகுப்பில் கூறுவது நலம்.

எனினும், அங்கே நம்மை நெடுநேரம் நிறுத்தியது செப்பேடன்று. உள்மண்டபத்திற்கு முன்னுள்ள சிறிய அறையே. இந்திய யூதர் ஒரே சமுதாயமாக வாழவில்லை. நெடுங்காலமாக இங்கிருந்த மலபார் யூதர் ஒரு பிரிவு. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பின்னர் வந்த பரதேசிகள் மற்றொரு பிரிவு. பரதேசியர் மலபார் யூதருடன் மணவுறவு கொள்ள மறுத்தனர். இச்சிக்கல் 16ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீர்முழுக்குப் பெற்றபின் மணவுறவுக்குத் தடையில்லை என்பது அவர் தீர்ப்பு. சட்டம் தெளிவாகவே இருந்தது. வழக்கம் அதற்கு இணங்கவில்லை.

மூன்றாம் பிரிவினர் பரதேசியரின் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள். 'மெஷுக்ரரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர், என்பது அவர்களுடைய பெயர். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை ஆண்டுதோறும் பஸ்கா இரவில் கொண்டாடும் மக்களிடையே, 'விடுவிக்கப்பட்டோர்' என்பது தாழ்வைக் குறிக்கும் பெயராயிற்று. அவர்கள் உள்மண்டபத்தின் இருக்கைகளில் அமர இயலாது. முன்னறையில் தரையிலோ படியிலோ அமர்ந்து வழிபடவேண்டும்.

அவர்களுள் ஒருவராக 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்கும் சென்றுவந்தார். அங்கே கற்ற சத்தியாக்கிரகத்தை அந்நியருக்கு எதிராக மட்டுமன்றித் தம் சொந்த ஜெபாலயத்திலும் கையாண்டார். 'யூத காந்தி' என்னும் பெயர் அவருக்கு அதனாலேயே வந்தது. 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. அவர் 1967இல் காலமானார்.

அம்முன்னறையில் நிற்கும் தமிழ் ஆயர் எவரும் அதனை அயலாரின் குறையாகக் காண இயலாது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆலயத்தை விட்டு வெளியேறினோர் பலர். அப்பம் ஒன்றே என்று பாடியபடியே தனித்தனியே அமர்ந்த சபைகளின் பிள்ளைகள் நாம். கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சுவர் எழுப்பிப் பிரித்திருக்கும் ஊர்களை நம் ஆயர்கள் அறிவர். யூதருக்கும் நமக்கும் இந்நோய் திருமறையிலிருந்து வரவில்லை; இருவரும் இதனைத் தெருவிலிருந்தே பெற்றோம். திருமறை வாசிப்பு மட்டும் அதனை நீக்கிவிடவில்லை என்பதையும் கொச்சி காட்டுகிறது. படியில் உட்கார்ந்து எதிர்க்க ஒருவர் வேண்டியிருந்தார்.

1953 முதல் 1955 வரை மலபார் யூதருள் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தனர். பரதேசியரும் காலப்போக்கில் அவ்வாறே சென்றனர். பொதுவழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் இன்று மட்டாஞ்சேரியில் இல்லை. அதே தெருவின் மறுகோடியில் 1544இல் எழுந்த கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சி நின்ற கட்டடத்தின் முகப்பு 2019இல் மழையில் இடிந்தது. வழிகாட்டிகள் பலர் அங்கே அழைத்துச் செல்வதில்லை; கேட்டு வாங்கித்தான் பார்க்கவேண்டும்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் வெள்ளி பிற்பகலையும் சனிக்கிழமையையும் தவிர்க்கவேண்டும். ஓய்வுநாளில் பரதேசி ஜெபாலயம் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. இன்னொரு நாள் கிடைக்குமாயின் பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் செல்லலாம். அங்குள்ள மலபார் யூதரின் ஜெபாலயங்கள் பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகங்களாக உள்ளன. சேந்தமங்கலத்து வாசலில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரவேல் என்பவரின் மகள் சாராளின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. எபிரேயம் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் அதனைத் தாமே எழுத்துக்கூட்டி வாசிக்க முயலலாம்.