மூச்சுவிட ஒரு நகரம் – 9: உழைப்பு உடற்பயிற்சி ஆகுமா?

லண்டன் பஸ் டிரைவரைவிடக் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மாரிஸ் 1953இல் ‘லான்செட்’ இதழில் எழுதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் மாடி பஸ்ஸின் படிகளை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். அப்படியானால் காலையிலிருந்து உடம்பால் உழைக்கிறவர்களுக்குத்தானே ஊரிலேயே திடமான இதயம் இருக்க வேண்டும்?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் விடிகாலையில் இரண்டு விதமாக நடக்கிறவர்களைப் பார்க்கலாம். ஷூ போட்டு, கையை வீசி, பேசிக்கொண்டே போகிறவர்கள் ஒரு பக்கம். தள்ளுவண்டியோடு போகும் தூய்மைப் பணியாளர்கள் இன்னொரு பக்கம். ஓர் அக்கா வண்டியை நிறுத்தினார். வாசலில் இருந்த பக்கெட்டை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக் கவிழ்த்தார், குனிந்து தேங்காய் மட்டைகளைத் தனியே பொறுக்கிப் போட்டார், அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். ஈரக் குப்பை என்றால் கனம் இன்னும் கூடும். அவருக்கு பிரஷர் இருக்கிறது. “டாக்டரு தெனமும் அரை மணி நேரம் நடக்கோணும்னு சொன்னாருங்க. நான் விடிஞ்சதிலிருந்து நடந்துட்டுத்தானுங்க இருக்கறேன். இதெல்லாம் கணக்குல வராதுங்களா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் அவருடைய குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கோபன்ஹேகனில் 1,04,046 பேரைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் குறைவு. வேலையிலேயே உடலை மிகவும் வருத்தியவர்களுக்கு, உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட அந்த ஆபத்து 35 சதவீதம் அதிகம். படிப்பு, வருமானம், புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் நின்ற வித்தியாசம் இது.

காரணம் என்ன? வாக்கிங் போகிறவரின் இதயத்துடிப்பு அரை மணி நேரம் ஏறும், வீடு திரும்பியதும் இறங்கும். இதயம் பலப்படுவது அந்த ஏற்ற இறக்கத்தில்தான். குப்பை வண்டி தள்ளுகிறவருக்கும், மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவருக்கும், மில்லில் ஷிப்டு முழுக்க நின்று நூல் அறுந்த இடத்தை ஒட்டுகிறவருக்கும் துடிப்பு மணிக்கணக்கில் ஏறியபடியே இருக்கிறது. கனமான பொருளை மூச்சடக்கித் தூக்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் எகிறுகிறது. எப்போது நிறுத்துவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பது இவர்கள் கையில் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பெண்களுக்கு அங்கே அடுத்த ஷிப்டு காத்திருக்கும். தசைக்கும் ரத்தக் குழாய்க்கும் வேண்டிய ஓய்வு கிடைப்பதே இல்லை.

இதை வைத்து உழைப்பே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவும் இடம்பெற்ற ‘ப்யூர்’ ஆய்வு, 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பார்த்து, வேலையோ விளையாட்டோ எந்த அசைவும் நன்மையே என்று 2017இல் சொன்னது. அதே ஆய்வுக் குழு 2014இல் சொன்னது என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. ஏழை நாடுகளில் கொழுப்பு முதலான ஆபத்துக் காரணிகள் குறைவு, ஆனால் இதய நோயால் சாவு அதிகம். இங்கிலாந்து அரசு ஊழியர்களிடம் நடந்து, மைக்கேல் மார்மட் அலசிய ‘வைட்ஹால்’ ஆய்விலும் கடைநிலை ஊழியர்களின் இதய நோய் மரணம் உயரதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தும் அதில் பாதியைக்கூட விளக்கவில்லை.

சர்க்கரையும் இதய நோயும் ‘பணக்கார வியாதி’ என்ற பேச்சை நாம் இன்னும் விடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2017இலேயே அதை மறுத்துவிட்டது. தமிழ்நாடு போன்ற வசதியான மாநிலங்களின் நகரங்களில், வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்றது. சர்க்கரை வந்த இடத்தில் இதய நோய்க்கும் வழி திறந்துவிடுகிறது. அதே கழகத்தின் 2014 ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை.

இந்த நிலையில் தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல காரியம். ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையும் உக்கடம் பெரியகுளக் கரையும் இன்னும் நிறையப் பேருக்குப் பயன்பட வேண்டும். ஆனால் அந்த அக்காவுக்கு நடைபாதை பற்றாக்குறை இல்லை. அவருக்கு வேண்டியது வேலைக்கு நடுவே உட்கார ஓர் அறை, அதில் தண்ணீரும் கழிப்பறையும், கூலி போகாத ஒரு நாள் லீவு, மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. மற்றதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. மருந்துச் சீட்டில் ‘நடைப்பயிற்சி’ என்று எழுதும் டாக்டர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எப்போது சாப்பாடு என்று முதலில் கேட்டுவிட்டு எழுதலாம்.

மாரடைப்பு வந்தபின் நடப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே மதியம்வரை வேலை பார்ப்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை அடுத்த வாரம் விரிவாகச் சொல்கிறேன்.

(தொடரும்)