லண்டன் – பாரிஸ் பயணம்: தூரமும் உண்மையான பயண நேரமும்

லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாரிஸிலும் உறவினர் உள்ளனர். திருமணத்துக்குச் செல்வோர் முன்கூட்டியே திட்டமிடலாம். மரணச் செய்தி கேட்டு உடனே புறப்படுவோருக்கு அந்த அவகாசம் இருப்பதில்லை. பயணச்சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் நம்பினால் இறுதிக் கிரியைக்கு உரிய வேளையில் சென்றடைய முடியாமற் போகலாம்.

விமானப் பயணம்

இரு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீற்றர். ஹீத்ரோவிலிருந்து சார்ள்ஸ் து கோல் விமான நிலையம் வரையான பயணத்துக்கு அட்டவணையில் ஏறத்தாழ 1 மணித்தியாலம் 20 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லுதல், சோதனைகளுக்காக 2 மணித்தியாலங்கள் முன்னதாக அங்கிருத்தல், தரையிறங்கிய பின் குடிவரவு வரிசையில் நிற்றல், அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் கடந்து நகரை அடைதல் ஆகியவற்றையும் சேர்த்தால் 5 முதல் 6 மணித்தியாலங்கள் ஆகும்.

ரயில் பயணம்

செயின்ட் பங்க்ராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் யூரோஸ்டார் ரயில், 1994 இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தின் ஊடாக ஏறத்தாழ 2 மணித்தியாலம் 20 நிமிடங்களில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தை அடைகிறது. பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டனிலேயே நிறைவுறுவதால், பாரிஸில் இறங்கியதும் வெளியேறலாம். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி அங்கிருந்து நடை தூரத்திலேயே உள்ளது. ஆகவே, வேகம் குறைந்த ரயிலே பெரும்பாலும் முந்திச் சேர்க்கிறது.

ஒரு மணித்தியால வேறுபாடு

பாரிஸ் நேரம் ஆண்டு முழுவதும் லண்டன் நேரத்தைவிட 1 மணித்தியாலம் முந்தியது. பயணச்சீட்டில் அந்தந்த நகரின் நேரமே குறிக்கப்படும். காலை 10.00 மணிக்கு லண்டனில் புறப்படும் விமானம் பாரிஸ் நேரப்படி 12.20 மணிக்குத் தரையிறங்கும். திரும்பி வரும்போது 10.00 மணிக்குப் புறப்பட்டு லண்டன் நேரப்படி 10.20 மணிக்கே வந்து சேரும். கிரியை 11.00 மணிக்கு என உறவினர் பாரிஸிலிருந்து அறிவித்தால், அது லண்டனில் 10.00 மணியாகும்.

பயண ஆவணங்கள்

பிரித்தானியக் கடவுச்சீட்டு, பிரான்ஸினுள் நுழையும் நாளுக்கு முந்திய 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளின் பின் குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருத்தல் வேண்டும். காலாவதித் திகதியை மட்டும் பார்த்துச் சென்று, வழங்கிய திகதி பழையது என்பதால் திருப்பி அனுப்பப்படுவோர் உண்டு.

இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்வோருக்கு, பிரித்தானியாவில் வதிவிட உரிமை இருப்பினும், பொதுவாக ஷெங்கன் விசா தேவை. அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்போர், பயணச்சீட்டை வாங்குவதற்கு முன்னரே தமக்குரிய விதியை உறுதிசெய்துகொள்ளுதல் நன்று.

2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையின்படி, பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோரின் முகப்படமும் விரல் அடையாளமும் பதிவுசெய்யப்படுகின்றன. முதற்பதிவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். தனியே செல்லும் முதியோருக்கு இவற்றைக் குடும்பத்தினர் முன்கூட்டியே விளக்கிவைப்பது பெரிதும் உதவும்.